காட்டு வில்லும் கரை இரும்பும்

1660ஆம் ஆண்டிலே கொட்டியாற்றுக் குடாவிற் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளை மலைநாட்டிற் கழித்து, 1679இல் தப்பியோடிய றொபட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலிலே, விந்தனைக் காடுகளில் வாழ்ந்த வேடரைப் பற்றிக் கூறுமிடத்து, ஒரு விசித்திரமான வியாபார முறையைக் குறித்துச் செல்கிறார். அம்பு முனை தேவைப்பட்ட வேடன் இரவோடிரவாக வந்து, கொல்லன் பட்டறையிலே இறைச்சியைத் தொங்கவிட்டு, தனக்கு வேண்டிய அம்பின் உருவத்தில் ஓர் இலையை வெட்டி அதனுடன் வைத்துவிட்டுப் போய்விடுவான். கொல்லன் அந்த மாதிரிப்படி இரும்பை அடித்து, இறைச்சி தொங்கிய அதே இடத்தில் வைப்பானாயின் மேலும் இறைச்சி வந்து சேரும். செய்யாது விட்டாலோ, இரவில் அவன்மீதே அம்பு பாயும். முகதரிசனமுமில்லை, பேரமுமில்லை. கடன் சொல்லிச் சாமான் வாங்குவோருக்குப் பழகிப்போன நம்முடைய கடைத்தெருக்கள் இத்தகைய கண்டிப்பான நாணயத்தைக் கண்டிருக்குமோ என்பது சந்தேகமே.

வில்லுக்கு வேண்டிய மரமும், நாணுக்கு வேண்டிய நாரும், அம்பின் அடியிற் கட்டும் இறகும் காட்டிலேயே கிடைத்தன; இரும்பு ஒன்றுதான் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. அந்த இரும்பு காட்டுக்குட் போன வழிகளுள் ஒன்று நமது கீழைக்கரையிலிருந்து சென்ற வழி. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத், 1626ஆம் ஆண்டளவில், அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பிரதேசத்திற் குடியேற்றினான் என்பது சரித்திரம் படித்தோர் அறிந்ததே. அதற்கு முன்னரும் இக்கரையில் முஸ்லிம் குடிகள் இருந்தன. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களைக் கொண்ட இந்தக் கரையின் முஸ்லிம் மக்கள், வயலும் கடலும் போக, வணிகத்தையும் தொழிலாகக் கொண்டிருந்தனர். உப்பு, கருவாடு, துணி, இரும்புச் சாமான்கள் ஆகியவற்றைப் பொதிமாடுகளில் ஏற்றி மேற்கே சென்ற வணிகர், தேனும் மெழுகும் மான்கொம்பும் கொண்டு திரும்பினர்.

வேடன் வீழ்த்திய மானின் இறைச்சியை உண்பதற்கு அவ்வணிகரின் மார்க்கம் இடங்கொடுக்கவில்லை. தேனுக்கு அத்தகைய தடையொன்றுமில்லை. வேட்டையைப் பற்றி இஸ்லாமியச் சட்ட நூல்கள் வகுத்திருக்கும் விதி நுட்பமானது: இறைவனின் பெயர் சொல்லி எய்த அம்பின் கூர்முனை துளைத்து இறந்த பிராணி ஆகும், அம்புக் கம்பின் அகலப்பக்கம் மோதி இறந்தது ஆகாது. எனவே, கொல்லன் அடித்த இரும்பின் கூர்மை வேடனுக்குப் பசியின் விஷயமாகவும், முஸ்லிம் வேட்டைக்காரனுக்கு ஹலால், ஹராம் என்னும் விஷயமாகவும் இருந்தது.

இனி, வேடனின் குறி எத்தகையது? கதைகளிற் கேட்டுப் பழகிய நாம், பறக்கும் ஈயையும் அவன் வீழ்த்துவான் என்று எண்ணிவிடுகிறோம். 1907, 1908ஆம் ஆண்டுகளில் ஹெனபெத்த, தானிகல முதலிய இடங்களில் வேடரிடையே தங்கி ஆராய்ந்து, 1911இல் நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியினரோ, வேடரை அபாரமான வில்லாளிகள் என்று கொள்ளவில்லை. அவர்களுடைய சாமர்த்தியம் எய்வதில் அன்று, நெருங்குவதில் இருந்தது. காற்றின் திசையறிந்து, சருகு நொறுங்காமற் பாதம் வைத்து, மான் தலைநிமிர்த்தும்போது அசையாது நின்று, சில பாக தூரத்துக்குள் வந்துவிட்ட பிறகே நாண் இழுபடும். அவ்வளவு அருகில் நின்று எய்பவனுக்கு நுண்ணிய குறி எதற்கு? பொறுமைதான் வேண்டும், அது அவனிடம் நிறைய இருந்தது. பின்னர் துவக்கு வந்தது, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால், பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையிலே அணைகட்டித் தடுக்கப்பட்டது, வேட்டைக் காட்டின் ஒரு பகுதி சேனநாயக்க சமுத்திரத்தின் நீருக்கடியிற் போயிற்று, இன்னொரு பகுதி வயலாயிற்று. வில் சடங்குக்கும் உல்லாசப் பயணிகளின் படத்துக்கும் உரிய பொருளாகச் சுருங்கிவிட்டது.

தூரத்தையே நியதியாக வைத்துக்கொண்டு, அசையாத இலக்கை நோக்கி எய்யும் வித்தையின் வரலாறு வேறு. அதன் ஒரு கிளை கல்முனை வாசகருக்குப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே அறிமுகமாகியிருக்கும். அஸ்லம் கோத்திரத்தார் இரு பிரிவாகி அம்பெய்து போட்டியிட்டபோது, அவ்வழியே வந்த நபிகள் நாயகம் அவர்கள் தாம் ஒரு பிரிவினரின் பக்கம் என்று கூற, மற்றப் பிரிவினர் எய்வதை நிறுத்திவிட்டனர். உங்கள் எல்லோருடைய பக்கமும் நானே என்று கூறிய பின்னரே போட்டி தொடர்ந்தது. எதிர்ப்பக்கத்தாரின் மனமும் முறியக்கூடாது என்ற கருணையை விளையாட்டு மைதானங்களிற் காண்பது அரிது. 625இல் உஹதுப் போரின்போது மலையடிவாரத்திற் காவல் நின்ற வில்லாளர் ஐம்பதின்மருட் பெரும்பாலோர், வெற்றி கிட்டிவிட்டதென எண்ணித் தம் இடத்தை விட்டிறங்கியதால் நேர்ந்த விபரீதமும் யாவரும் அறிந்ததே.

மற்றொரு கிளை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1545இல் ரொஜர் ஆஸ்கம் எழுதிய நூல், எய்யும் செயலை நிற்றல், நாணில் அம்பு பூட்டல், இழுத்தல், நிறுத்தல், விடுத்தல் என ஐந்தாகப் பிரித்தது; இன்றைய பயிற்சியாளரும் ஏறக்குறைய இதே ஒழுங்கிலேதான் கற்பிக்கின்றனர். 1931இற் போலந்தில் நிறுவப்பெற்ற சர்வதேசச் சம்மேளனம் விதிகளை ஒன்றாக்கியது. அரைநூற்றாண்டுக்கு மேலாக ஒலிம்பிக்கில் இடமிழந்திருந்த வில்வித்தை, 1972இல் மியூனிக்கில் மீண்டது. நடுவே பொன்னிறமும், அதைச் சூழ்ந்து சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என்னும் வளையங்களும் கொண்ட இலக்குத்தாள், 70 மீற்றருக்கு 122 சென்டிமீற்றர் விட்டமுடையது. பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டம் 12.2 சென்டிமீற்றர் மாத்திரமே.

இவ்வித்தையைப் பழகப் புதிதாகச் சேரும் இளைஞர் பெரும்பாலும் பலமான வில்லொன்றைக் கேட்டு அடம்பிடிப்பர், அது வீண். முறையாக இழுத்து, வலக்கையைத் தாடைக்கடியில் ஒவ்வொரு முறையும் அதே இடத்திற் படியவைத்து, நடுக்கமின்றிச் சில விநாடி நிற்க இடந்தரும் இலேசான வில்லே முதலிற் போதும். கை சிறிது உயர்ந்தோ தாழ்ந்தோ படிந்தால், குறி பார்த்த கண்ணிற் குற்றமில்லாதபோதும் அம்பு கீழும் மேலுமாகச் சிதறும். அம்பு பூட்டாத நாணை இழுத்துவிட்டுப் பார்க்கும் ஆசையையும் அடக்க வேண்டும். அம்புக்குப் போகவேண்டிய விசை வில்லுக்கே திரும்பி அதைப் பிளந்துவிடும். முன்கையில் தோற்கவசம் கட்டாதவனுக்கு நாணே அன்றைக்குப் பாடம் நடத்திவிடும். தொடக்கத்தில் இலக்கைப் பத்துப் பாக தூரத்துக்குட் பெரிதாக வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எய்து முடித்தவன் எல்லோரும் முடிக்கும்வரை கோட்டின் பின்னே காத்திருக்க, கட்டளை கிடைத்த பிறகே அனைவரும் சேர்ந்து இலக்குக்குச் சென்று, ஒரு கையால் தாளை அழுத்தி, மறு கையால் அம்பை வந்த வழியே நேராகப் பிடுங்கவேண்டும்.