செய்நிரற் பதிப்புக் கட்டுப்பாடு – ஒரு வரலாற்று நோக்கு

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர் எதிர்கொண்ட முதன்மைச் சிக்கல் பாடபேதம் என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். ஒரே நூலின் ஏடுகள் பலவாறு வேறுபடும். எது முந்தியது, எவரது கை எவ்விடத்திற் புகுந்தது என்பதற்குப் பெரும்பாலும் சான்று கிடைப்பதில்லை. கணனிச் செய்நிரல் எழுதுவோர்க்கும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதனையொத்த சிக்கலொன்று எழுந்தது. அதற்கு அவர்கள் கண்ட தீர்வே பதிப்புக் கட்டுப்பாடு எனப்படுவது. இதனைப் பற்றிக் கலைப்பீட மாணவர் எழுதுவானேன் என வினவப்படலாம். பலர் கூடி எழுதும் பனுவலொன்றைத் திருத்தும் உரிமை யாருக்குரியது, அதன் கடந்தகாலம் யார் கையில் இருக்கவேண்டும் என்னும் வினாக்கள் பொறியியலாளர்க்கு மட்டும் உரியனவல்ல என்பதே எமது விடையாகும்.

செய்நிரல்கள் துளையிட்ட அட்டைகளில் எழுதப்பட்ட காலத்தில் ஓர் அட்டை ஒரு வரியைத் தாங்கி நின்றது. அட்டையொன்றின் 80 நிரல்களில் 73 முதல் 80 வரையானவை வரிசை எண்ணுக்கென ஒதுக்கப்படுவது வழக்கம். கட்டு கீழே விழுந்து கலைந்தால் மீள அடுக்குவதற்கு அவ்வெண்ணே துணை. திருத்தம் என்பது ஓர் அட்டையை நீக்கி மற்றொன்றைச் செருகுவதாகும். நீக்கிய அட்டையை எவரேனும் எடுத்துவைத்தாலன்றி முந்தைய வடிவம் அத்துடன் அழிந்தது.

இந்நிலையை மாற்றும் முயற்சிகளுள் நிலைத்த செல்வாக்குப் பெற்றது, பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மார்க் ரோக்கைன்ட் 1972இல் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ். என்னும் கருவியாகும். ஐ.பி.எம். 370 கணனிக்கென ஸ்னோபோல் மொழியில் எழுதப்பட்ட இது பின்னர் யுனிக்ஸ் முறைமைக்கென சி மொழியில் மீள எழுதப்பட்டது. இதனை விளக்கும் அவரது கட்டுரை 1975 டிசம்பரில் வெளிவந்தது. ஒவ்வொரு வரியும் எத்திருத்தத்திற் புகுந்தது, எத்திருத்தத்தில் நீங்கியது என்ற குறிப்புடன் எல்லாப் பதிப்புகளும் ஒரே கோப்பினுட் பின்னிவைக்கப்பட்டன. திருத்தியவர் பெயரும் நாளும் பதியப்பட்டன. திருத்தத்திற்கான காரணமும் கேட்கப்பட்டது. 'ஏன் மாற்றினாய்?' என்று பொறி மனிதனைக் கேட்கத் தொடங்கியமை சிறிய செய்தியன்று.

1982இல் பேர்டியூ பல்கலைக்கழகத்தின் வோல்டர் டிக்கி ஆர்.சி.எஸ். என்னும் கருவியை அளித்தார். மிக அண்மைய பதிப்பை முழுமையாக வைத்து, பழையவற்றுக்குப் பின்னோக்கிய வேறுபாடுகளை மட்டும் சேமிப்பது அதன் நுட்பம். வேண்டப்படுவது பெரும்பாலும் புதியதேயாதலின் இஃது அறிவார்ந்த தெரிவு. எனினும் இவ்விரு கருவிகளும் 'பூட்டு' என்னும் கருத்திலேயே நின்றன. ஒருவர் கோப்பைத் திருத்தவெனப் பெற்றுவிட்டால், அவர் அதனைத் திருப்பித் தரும்வரை ஏனையோர் காத்திருக்க வேண்டும். பூட்டியவர் விடுமுறையிற் சென்றுவிட்டால் வேலையும் விடுமுறையிற் சென்றது.

பூட்டை உடைத்த கதை சுவையானது. அம்ஸ்ரடாம் விறிய பல்கலைக்கழகத்தின் டிக் குறூன் தம் மாணவர் இருவருடன் சி மொழித் தொகுப்பியொன்றை உருவாக்கி வந்தார். மாணவருள் ஒருவர் அலுவலக நேரம் தவறாது உழைப்பவர். மற்றவர் நேரமொழுங்கு அற்றவர். குறூனோ மாலையில் மட்டுமே அதற்கு நேரம் ஒதுக்கக்கூடியவர். இம்மூவரும் பூட்டுக்குக் காத்திருந்தால் பணி நகராது. ஆகவே, மூவரும் தத்தம் பிரதியில் ஒரே வேளையில் திருத்தலாம், பிந்தி வருபவர் முந்தியவரது மாற்றங்களோடு தமதை இணைத்த பின்னரே ஒப்படைக்கலாம் என்னும் விதியை அமைத்து, ஆர்.சி.எஸ்.இன் மீது சில கட்டளைத் தொகுப்புகளை எழுதினார். 1986இல் அவை பொதுவில் வெளியிடப்பட்டன. சி.வி.எஸ். எனப் பெயர்பெற்ற இதனை 1989இல் பிறயன் பேர்லினர் சி மொழியில் மீள எழுதினார். இரு பிரதிகளின் வேறுபாட்டை வரிவரியாகக் காட்டும் 'டிஃப்' என்னும் செய்நிரல் எழுபதுகளிலேயே பெல் ஆய்வுகூடத்தில் தோன்றியிராவிடின் இத்தகைய இணைப்பை எண்ணிப்பார்ப்பதும் அரிதாகும்.

ஆயினும் சி.வி.எஸ்.இல் வரலாறு முழுவதும் நடுவிலுள்ள ஒரே களஞ்சியத்தில் இருந்தது. களஞ்சியத்தின் திறவுகோலை வைத்திருப்போரே எழுதும் உரிமை பெற்றனர். 1994 டிசம்பரில் நெட்பி.எஸ்.டி. திட்டத்தின் நிறுவுநருள் ஒருவரான தியோ டி றாட் பிணக்கொன்றின் விளைவாக அவ்வுரிமையை இழந்தார். மறு ஆண்டில் அவர் தொடங்கிய ஓபன்பி.எஸ்.டி. திட்டம் தன் களஞ்சியத்தை எவரும் பெயர் கூறாது படிக்கலாம் எனத் திறந்துவைத்தது. விலக்கப்பட்டவரே வாசலைத் திறந்தார் என்பது கவனிக்கற்பாலது. எழுதும் உரிமையோ அங்கும் சிலருக்கே.

லினக்ஸ் வரலாற்றில் இவ்வினா மேலும் கூர்மையடைந்தது. 1991இல் அதனைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பத்தாண்டுகளுக்கு மேலாக எக்கருவியுமின்றி, மின்னஞ்சலில் வந்த திருத்தங்களைத் தாமே சேர்த்துவந்தார். 2002இல் பிட்கீப்பர் என்னும் கருவியை ஏற்றார். அது தனியார் உடைமை. கட்டணமின்றிப் பயன்படுத்துவோர் அதற்குப் போட்டியான கருவியை ஆக்கலாகாது என்பது நிபந்தனை. கட்டற்ற மென்பொருளின் வரலாறு கட்டுள்ள கருவிக்குள் அடைபட்டதென அன்றே பலர் கண்டித்தனர். அக்கண்டனம் மிகையன்று என்பது 2005இற் புலனாயிற்று. அவுஸ்திரேலியரான அன்ட்ரூ ட்ரிஜெல் அக்கருவியின் வழங்கியோடு தொடர்பு கொள்ளும் முறையை ஆராய்ந்தார். வழங்கியோடு இணைந்து 'ஹெல்ப்' எனத் தட்டச்சிட்டால் அதுவே தன் கட்டளைகளைப் பட்டியலிட்டது என்பதைப் பின்னர் மாநாடொன்றில் அவர் செய்துகாட்டினார். பிட்கீப்பரின் உரிமையாளரோ இலவச அனுமதியை நிறுத்தினார்.

டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் 3ஆந் திகதி 'கிட்' என்னும் கருவியை எழுதத் தொடங்கினார். 7ஆந் திகதி அது தன் வரலாற்றைத் தானே பதியலாயிற்று; யூலையில் அதன் பராமரிப்பு யூனியோ ஹமானோவின் கைக்குச் சென்றது. கிட்டில் நடுக்களஞ்சியம் என்பது கட்டாயமன்று. ஒவ்வொருவரது பிரதியும் முழு வரலாற்றையும் சுமக்கும். ஒவ்வொரு பதிவின் பெயரும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் முந்தைய பதிவின் பெயரிலிருந்தும் கணிக்கப்படும் 40 குறிகளாலானது. பழைய பதிவொன்றில் ஒரு புள்ளியை மாற்றினும் அதன்பின் வரும் பெயர்கள் யாவும் மாறும். அப்பெயர்களைத் தரும் கணிப்புமுறையின் குறை 2017இல் அம்ஸ்ரடாம் ஆய்வாளராலும் கூகிள் நிறுவனத்தாராலும் செயலிற் காட்டப்பட்டமையும் இங்கே சொல்லப்படவேண்டும்.

இவ்வரலாறு வெறும் காப்பகமன்று, ஆராய்ச்சிக் கருவியுமாகும். 'பைசெக்ட்' என்னும் கட்டளையை நோக்குக. பிழையற்ற பழைய பதிவொன்றையும் பிழையுள்ள புதிய பதிவொன்றையும் சுட்டினால், அது நடுப்பதிவை எடுத்துத் தந்து சோதிக்கச் சொல்லும். இவ்வாறு பாதிபாதியாகக் குறைத்து, ஆயிரம் பதிவுகளுள் குற்றமுடையதைப் பத்துச் சோதனைகளிற் காணலாம். ஆனால் ஒவ்வொரு பதிவும் சிறியதாய், தனித்து இயங்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும். ஒரு கிழமை வேலையை ஒரே பதிவாகத் திணிப்பவர் இப்பயனை இழப்பர். 'திருத்தம்' என்று மட்டும் காரணம் எழுதுவோரும் தமக்குப் பின் வருவோர்க்கு அநீதி இழைப்போரே.

மறுபுறம், கிட் வரலாற்றைத் திருத்தவும் இடந்தருகிறது. 'றீபேஸ்' என்னும் கட்டளை பதிவுகளை மாற்றியடுக்கி, தடுமாற்றங்களை மறைத்து, நேர்கோட்டில் நடந்தது போன்ற வரலாற்றைப் படைக்கும். தன் கையிலுள்ள வரைவை இவ்வாறு ஒழுங்குபடுத்துவதில் தவறில்லை. பிறர் பெற்றுக்கொண்ட வரலாற்றை மாற்றுவது வேறு. அவர்களது பிரதிகளோடு அது பொருந்தாது போகும். எனவே வரலாற்று மாணவர் இப்பதிவுகளை நடந்தவற்றின் நாட்குறிப்பாகவன்றி, ஆசிரியர் தெரிந்தெடுத்து அளித்த சான்றாகவே கொள்ளவேண்டும் என்பது எமது துணிபு.

லினக்ஸ் களஞ்சியத்தின் தொடக்கமே இதற்குச் சான்று. 2005 ஏப்ரல் 16ஆந் திகதியிட்ட முதற் பதிவில் டோர்வால்ட்ஸ் 2.6.12இன் முன்வெளியீட்டை அப்படியே வைத்தார். பழைய வரலாறு கையில் இருந்தும், அதன் பருமன் கருதிச் சேர்க்காது விட்டார். இன்றும் ஒரு பழைய வரியை எழுதியவர் யாரென 'பிளேம்' கட்டளையால் வினவினால், உண்மையில் எழுதியவர் யாராயினும், டோர்வால்ட்ஸின் பெயரும் அந்நாளுமே விடையாக வரும். அதற்கப்பாற் செல்ல விரும்புவோர், பிட்கீப்பர்க் காலப் பதிவுகளிலிருந்து பின்னர் மீட்டமைக்கப்பட்ட தனிக் களஞ்சியத்தைப் பெற்றுத் தாமே ஒட்டிக்கொள்ளவேண்டும்.