பாபநாசத்தில் ஒரு மணக்கோலம்

பிப்ரவரி 14ஐ மேலைநாட்டுச் சரக்கு என்று சாடுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஜெர்மானியருக்கும் அது இரவல் பண்டிகைதான். இரண்டாம் உலகப்போருக்குப்பின் அங்கே தங்கிய அமெரிக்கப் படைவீரர்கள் வழியாகவே அது பரவிற்று. 1950இல் நூரம்பர்க்கில் நடந்த நடன விருந்தை அதன் தொடக்கமாகச் சொல்வர். மற்றதைப் பூக்கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

நமக்கோ காமவேள் இருந்தான். புகாரில் அவன் கோட்டத்தைத் தொழுதால் பிரிந்த கணவனோடு கூடலாம் என்று தேவந்தி சொல்கிறாள், கண்ணகி மறுக்கிறாள். சிலப்பதிகாரம் காட்டும் அந்த வழிபாடு மங்கிப்போயிற்று. தம்பதியர்க்கென எஞ்சியது எதுவெனத் தேடும் நாம், அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே பாபநாசத்தில் வந்து நிற்கிறோம்.

கயிலைத் திருமணக் கூட்டத்தால் வடதிசை தாழ, தெற்கே அனுப்பப்பட்டவர் அகத்தியர். காணாத அத்திருமணக் காட்சியை இறைவன் அவருக்கு இங்கே அருளினான் என்பது தலபுராணம். சித்திரை விசுவில் தாமிரபரணிக் கரையில் அதுவே விழாவாகிறது. உலகம்மை சந்நிதி முன்னுள்ள உரலில் பெண்கள் மஞ்சள் இடிக்கிறார்கள். அம்மனின் அபிஷேகத்துக்கான மஞ்சள் அது.

நம்மை நிறுத்துபவள் அகத்தியரின் மனைவி லோபாமுத்திரை. ரிக்வேத முதல் மண்டலத்தின் 179ஆம் சூக்தத்தில் அவள் குரல் ஒலிக்கிறது. உழைத்தே ஆண்டுகள் கழிந்தன, முதுமை உடலழகைக் குறைக்கிறது, கணவர் மனைவியரிடம் வரவேண்டாமா என்று முனிவரிடம் நேராகவே கேட்கிறாள் (காமவேளைத் தொழ மறுத்த கண்ணகிக்கு இவள் எவ்வளவு தூரம்!). பாபநாசத்தில் அவள் ஏதும் கேட்பதில்லை. கணவரருகே நின்று, வேறொரு தம்பதியின் திருமணத்தைப் பார்க்கிறாள்.