காட்சி, கருதல், உரை: உடற்பரிசோதனையின் மூன்று அளவைகள்

வெள்ளாற்றங்கரைப் பெண்ணாடம், சிவஞானபோதம் அருளிய மெய்கண்டாரின் ஊர். அவருடைய மாணாக்கர் அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரின் சுபக்கம் என்ற பகுதியில் அளவையை முதலில் வைத்தார். பொருளைப் பேசுமுன் அதை அறியும் வழியைத் தெளிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. காட்சி, கருதல், உரை ஆகிய மூன்றும் சைவ சித்தாந்தம் கொண்ட அளவைகள். நோயாளியைப் பரிசோதிக்கும் கலையும் இம்மூன்றின்மேல்தான் நிற்கிறது.

காட்சி கண்ணில் தொடங்குகிறது. மார்பின் துணியை விலக்கி, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரு பக்கமும் ஒத்து விரிகின்றனவா? மூச்சு நிமிடத்துக்கு எத்தனை? இருமலோடு வரும் குழந்தைக்கு 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50, அதற்குமேல் 5 வயதுவரை 40 என்ற அளவை மூச்சு எட்டினால் நிமோனியாவை நினைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்குக் கடிகாரமும் பொறுமையும் போதும். அடுத்தது கை. மூச்சுக்குழாய் நடுவில் நிற்கிறதா, இதயத்துடிப்பு இடப்பக்கம் ஐந்தாம் விலா இடைவெளியில் தட்டுப்படுகிறதா என்று தொட்டறிய வேண்டும். நம் சித்த மருத்துவமும் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எண்வகைத் தேர்வு வகுத்துள்ளது.

பிறகு காது. மார்பை விரலால் தட்டி ஒலி கேட்கும் முறையை வியன்னா மருத்துவர் அவென்புருக்கர் 1761-இல் நூலாக்கினார். 1816-இல் பாரிஸ் மருத்துவர் லென்னக், ஓர் இளம்பெண்ணின் மார்பில் நேரே காது வைக்கத் தயங்கி, தாளைச் சுருட்டி வைத்துக் கேட்டார். அதிலிருந்து வளர்ந்ததே ஸ்டெதாஸ்கோப்.

ஆனால் ஸ்டெதாஸ்கோப்பில் நோய் கேட்பதில்லை, ஒலிதான் கேட்கிறது. நோயை அறிவது கருதல். நுரையீரலின் அடியில் கேட்கும் நெறுநெறு ஒலி நிமோனியாவாகலாம், இதயம் தளர்ந்ததாலும் வரலாம். ஆகவே ஓர் அடையாளத்தை மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். தட்டும்போது ஒலி மந்தமாகி, மூச்சொலியும் குறைந்து, நோயாளி பேசும்போது கைக்குத் தெரியும் அதிர்வும் குறைந்தால் மார்பில் நீர் கோத்திருக்கலாம். அதே மந்த ஒலியோடு மூச்சொலி உரத்து, அதிர்வு மிகுந்தால் நுரையீரல் இறுகியிருக்கலாம். ஒன்று தடுமாறும் இடத்தில் மூன்று சேர்ந்து வழிகாட்டும்.

உரை என்பது சித்தாந்தத்தில் குற்றமற்ற நூல்மொழி. மருத்துவத்தில் அதன் இடத்தில் நோயாளியின் சொல்லை வைக்கிறேன். குடம் சுமந்தால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு பெண் சொல்வதைக் கேட்டவரே, அவரை இடப்புறம் சாய்த்துப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் மணிப்பக்கத்தை மெல்ல வைத்து, ஈரிதழ் வால்வு சுருங்கியதன் தாழ்ந்த உறுமலைத் தேடுவார். கேளாதவர் தேடமாட்டார்.

எக்ஸ்ரேயும் எக்கோவும் இந்த முடிவுகளை உறுதிசெய்யும், திருத்தவும் செய்யும். எனினும் சிற்றூரில் யாரை உடனே விருத்தாசலத்துக்கோ சிதம்பரத்துக்கோ அனுப்புவது, யாரை இங்கேயே கவனிப்பது என்பதை முதலில் முடிவுசெய்வன கண்ணும் கையும் காதுமே. இளம் மருத்துவர்கள் சட்டைமேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து முடித்துவிடக் கூடாது. அனுமதி கேட்டு, திரையிட்டு, பெண் நோயாளிக்குத் துணையாக ஒரு பெண்ணை நிறுத்தி, இரு பக்கமும் ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். சில நிமிடங்களில் முடியும் இந்த ஒழுங்கு ஏழை நோயாளியின் வீண் அலைச்சலையும் வீண் செலவையும் தவிர்க்கும். அறியும் வழியை முதலில் வைத்த மரபின் ஊரில் அது தவறாமல் நடக்க வேண்டும்.