பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்களா? நிறுத்தி வச்சாலும் செலவு நிற்காது!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் மலிவா கிடைக்குதுன்னு ஆசைப்பட்டு வாங்குறவங்க உண்டு. வாங்கிய பிறகுதான் யானையைக் கட்டித் தீனி போடுற கதை ஆரம்பிக்கும். ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்தினாலும் செலவு காத்திருக்கிறது.

உதாரணத்துக்கு ஜெர்மனியின் போர்ஷே 944. 1982 முதல் 1991 வரை தயாரான கார். இதன் என்ஜினில் இருக்கும் டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. அது அறுந்தால் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும். அப்புறம் என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். ரப்பருக்கு வயசாகும் என்பதால், அதிகம் ஓடாத காருக்கும் சில வருஷத்துக்கு ஒருமுறை பெல்ட்டை மாத்தியே ஆகணும்.

டயரும் அப்படித்தான். தேயாவிட்டாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணைப் பாருங்க. 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அதை 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்.

நம்ம நாட்டில் ஆர்.சி. செலவும் உண்டு. 15 வருஷம் முடிந்ததும் புதுப்பிக்கணும். பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை. 20 வருஷத்தைத் தாண்டிய கார்களைப் புதுப்பிக்க ரூ.10 ஆயிரம், இறக்குமதி காராக இருந்தால் ரூ.80 ஆயிரம் என மத்திய அரசு 2025 ஆகஸ்டில் கட்டணத்தை உயர்த்தியது.

அதனால் பெயிண்டு பளபளப்பைப் பார்த்து மயங்காதீங்க. பெல்ட் கடைசியா எப்போ மாத்தினாங்கன்னு கேட்டு பில்லை வாங்கிப் பாருங்க. பில் இல்லைன்னா அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்க.