மிட்சம் நிறுத்தம்

மன்னர் முடிசூடிய நாட்களையே வரலாறென்று படித்தோம் நாம். வண்டி நிற்கும் இடத்திற்கும் வரலாறு உண்டு!

இலண்டனின் தென்புறத்தே மிட்சம் என்றோர் ஊர். இன்று டிராம் நிற்கும் அங்கே, முன்பு புகைவண்டி நிலையம் இருந்தது. அதற்கும் முன்னர் அவ்வூர் கண்டது? குதிரை!

1801-இல் பாராளுமன்றம் சட்டமியற்ற, 1803-இல் திறக்கப்பட்டது சர்ரே இரும்புப்பாதை. குதிரைகள் பாரவண்டிகளை இழுத்தன. சுங்கம் செலுத்தும் எவரும் தம் வண்டியை அதில் ஓட்டலாம். ‘நீ யார்?’ என்று பாதை கேட்கவில்லை. எனினும் சரக்குக்கே அங்கு இடம், மனிதருக்கு இல்லை. 1846-இல் அது மூடப்பட்டது.

அதன் தடத்தில் ஒரு பகுதியைத் தழுவி 1855-இல் புகைவண்டி வந்தது. மனிதனும் ஏறினான். ஆனால், அக்காலப் புகைவண்டி அவனை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு எனப் பணப்பையை எடைபோட்டன்றோ அமர்த்தியது! ஒரே எஞ்சின், ஒரே தண்டவாளம். மெத்தை ஒருவனுக்கு, மரப்பலகை மற்றவனுக்கு!

1997-இல் புகைவண்டி நின்றது. 2000-இல் அத்தடத்தில் டிராம் ஓடியது. ஆம், பழமையென்று 1952-இல் இலண்டன் ஒதுக்கித் தள்ளிய அதே டிராம்! இதில் வகுப்பில்லை. வண்டியின் தளமும் மேடையும் ஒரே மட்டம். புகைவண்டியின் படியேற இயலாதிருந்தோர், சக்கர நாற்காலியை உருட்டியே உள்ளே செல்கின்றனர்.