நாள்காட்டிக்குக் கிரகண நேரம் வந்த கதை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில், லய வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தினசரி நாள்காட்டி தொங்கும். நல்ல நேரம், ராகு காலம், குளிகை என்று போகிற தாளில் எப்போதாவது ‘சந்திர கிரகணம்’ என்றும் ஒரு வரி வரும், மணி நிமிடத்தோடு. 2025 செப்டம்பர் 8 அதிகாலை நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசிய நேரப்படி 12.27க்கு நிழல் நிலவைத் தொட்டது, 1.30 முதல் 2.52 வரை முழுதாய் மூடியது, 3.56க்கு விட்டது. எல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்தபடி.

காரணம் எளிது. சூரிய வெளிச்சத்தில் நிற்கும் பூமிக்குப் பின்னால் ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர் நீளத்துக்குக் கூம்பாக நிழல் நீள்கிறது. நிலவு இருப்பதோ சராசரியாக 3.84 லட்சம் கிலோமீட்டரில். அந்தத் தூரத்தில் நிழலின் அகலம் சுமார் 9,000 கிலோமீட்டர், நிலவின் குறுக்களவு 3,474. தாராளமாக உள்ளே போய் வரலாம். ஆனாலும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரகணம் வராது. நிலவின் பாதை பூமியின் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான மாதங்களில் நிலவு நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிவிடும். இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளின் பக்கத்தில் பௌர்ணமி வந்தால்தான் சிக்கும். அந்த இரு புள்ளிகள்தான் வானக் கணக்கில் ராகுவும் கேதுவும்.

நிலவை மறைப்பது பூமியின் நிழல் என்று ஆரியபட்டர் கி.பி. 499லேயே எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் ராகு, கேது என்ற பாம்புகள் நிலவை விழுங்கும் கதை எப்படிப் பிழைத்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். விடை புதுச்சேரியில் கிடைக்கிறது.

சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் கடல் கடந்து வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், 1769 ஜூனில் புதுச்சேரியில் காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது. பாவம், வேறு வேலையாவது உருப்படியாக நடந்தது. தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையை அவர் உட்கார்ந்து கற்றார். தாளில்லை, எழுதுகோலில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, நகர்த்தி, கூட்டிக் கழித்துப் போய்க்கொண்டே இருந்தார்கள். 1765 ஆகஸ்ட் 30 கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைத்துக் காட்டியது. ஐரோப்பாவில் பேர்போன தோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி கூட்டிக் காட்டியது.

அடுத்து வந்தவர் ஜான் வாரன். கோலாரில் தங்கம் இருப்பதை வெளியுலகுக்குச் சொன்ன அதே ராணுவ அதிகாரி. சென்னை வானாய்வு நிலையத்திலும் வேலை பார்த்தவர். 1825இல் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் அவர் கண்ணெதிரே சோழி வைத்து, மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். அட்டவணைகள் ஏட்டிலில்லை, நாக்கில் இருந்தன. எண்களை எழுத்துகளாக்கிச் சொற்களாய் மனப்பாடம் செய்திருந்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகின. புத்தகமில்லாமல் தரையில் உட்கார்ந்து போட்ட கணக்குக்கு இது பெரிய சாதனைதான். ஆனால் ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற விளக்கம் அவரிடம் இல்லை. வழி வழியாக வந்த வாய்பாடு மட்டுமே இருந்தது.

‘எப்போது’ என்பது பிழைத்துக்கொண்டது, ‘ஏன்’ என்பது வழியில் விழுந்துவிட்டது. அந்த வெற்றிடத்தில்தான் பாம்பு படுத்துக்கொண்டது என்பேன். 19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டு நிமிடங்களைத் திருத்தினார். பாம்பு மட்டும் நகரவில்லை.

அந்தப் பாம்புக் கதை கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. 1929இல் கேமரன் மலையில் போ நிறுவனம் தேயிலை போட்டபோது காட்டை அழித்தும் கொழுந்து கிள்ளியும் உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். கோயில் நடை சாத்துவது, சோற்றுப் பானையில் தர்ப்பை போடுவது, பிள்ளைத்தாச்சியை வெளியே விடாதது, விட்டதும் தலைமுழுகுவது என்று கிரகணச் சடங்குகளும் கூடவே வந்தன. பிள்ளைத்தாச்சிக்குச் சந்திர கிரகணத்தால் ஒரு கெடுதலும் இல்லை. மற்ற பௌர்ணமிகளில் வரும் அதே நிலவொளி, கொஞ்சம் குறைவாக வருகிறது, அவ்வளவுதான்.

முழுக் கிரகணத்தில் நிலவு செம்பு நிறமாவதும் ரத்தமில்லை. சூரிய வெளிச்சம் பூமியின் காற்று மண்டலத்தில் வளைந்து, நீலம் சிதறிப்போய், சிவப்பு மட்டும் நிழலுக்குள் கசிகிறது. காற்றில் சாம்பல் மிகுந்தால் அதுவும் வராது. 1883இல் சுந்தா நீரிணையில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்த மறு ஆண்டு, 1884 அக்டோபர் 4 கிரகணத்தில் நிலவு வழக்கத்துக்கு மாறாக இருண்டே போனது. அதற்கடுத்த ஆண்டுதான் வில்லியம் கேமரன் இந்த மலையை அளக்க வந்தார்.

இன்னொரு சங்கதி. நிழல் விழுவது நிலவின் மேலேயே என்பதால், நிலவு தெரிகிற ஊர்களிலெல்லாம் சந்திர கிரகணம் ஒரே நொடியில் தொடங்குகிறது. மாறுவது கடிகாரம் மட்டும். உங்கள் வீட்டில் தொங்குவது தமிழ்நாட்டு நாள்காட்டி என்றால் அதில் உள்ள நேரத்தோடு இரண்டரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

2028 டிசம்பர் 31 இரவு 11 மணி தாண்டியதும் மலேசியாவில் ஒரு சந்திர கிரகணம் தொடங்கும். புத்தாண்டு பிறந்து கால் மணியில் நிலவு முழுதாய் மறைந்து, 71 நிமிடம் அப்படியே நிற்கும். மழைக்காலம்தான், மேகம் விலகினால் வீட்டில் இருக்கும் பிள்ளைத்தாச்சியையும் வாசலுக்கு அழைத்து வாருங்கள். சால்வை ஒன்று போர்த்திக்கொண்டால் போதும், மலையில் அந்த நேரத்தில் குளிரும்.