குரோம்பேட்டை தோலும் ஷூவுக்குள் ஒளிந்த உயரமும்

திருநீர்மலையில் பெருமாளுக்கு நாலு கோலம். நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான்னு சொல்வாங்க. இதுல நடந்தவர் உலகளந்த பெருமாள். குள்ளமா வந்து வானம் வரைக்கும் வளர்ந்தவர். மனுஷங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு அங்குலம் கூடுதலா வேணும்னா ஷூவுக்குள்ளதான் ஒளிச்சு வைக்கணும். அதுக்குக் கை கொடுத்த தோலோட கதை, மலையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி குரோம்பேட்டையில இருக்கு.

நம்ம பக்கம் தோலை ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்துறதுதான் பழைய வழக்கம். குரோமியம் உப்பால பதப்படுத்துற முறைக்கு 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை வாங்கினார். 1903 வாக்கில் சென்னை கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதைச் சோதிச்சுப் பார்த்தார். அவர் மனசுல முதல்ல இருந்தது ஷூ இல்லைங்க, கமலையில் தண்ணி இறைக்கிற தோல் பை! தண்ணியிலயே கிடந்தாலும் சீக்கிரம் கெடாத தோல் அவருக்கு வேணும். பிறகு 1912-ல் ஜி. ஏ. சேம்பர்ஸ் பல்லாவரம் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். ஊர் பேரே அதிலிருந்து வந்ததுதான். பின்னாடி இந்தப் பகுதியின் நிலத்தடி நீர் தோல் தொழிலுக்குக் கொடுத்த விலை தனிக் கதை.

குரோம் தோல் மெல்லிசு, வளையும், நனைஞ்சு காய்ஞ்சாலும் அவ்வளவா விறைச்சுப் போகாது. கணுக்காலுக்கு மேல வரைக்கும் இழுத்துக் கட்டுற ஷூவுக்கு இது தோதான தோல். உயரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம்.

ஷூவுக்குள்ள ஒரு ஆப்பு வைக்கிறோம்னு வைங்க. குதிகால் மேல எழும்பும். ஷூவோட பின்பக்கக் கெட்டிப் பகுதி குதிகாலைப் பிடிக்கிற ஆழம் குறைஞ்சுடும். இன்னொண்ணும் நடக்குது. கணுக்கால் குழியில உட்கார்ற தாலஸ் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். குதிகால் உயர்ந்தா குறுகின பக்கம் குழிக்குள்ள வரும், பிடி தளரும். கால் பிசகுறது அப்போதான். அதனால உயரத்தை ஒளிக்கணும்னா ஷூவோட கழுத்தையும் சேர்த்து உயர்த்தணும். 2010-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு வடிவமைப்பாளர் இசபெல் மரான் பிரபலமாக்கின, உள்ளே ஆப்பு வைத்த ஸ்னீக்கர் கணுக்காலை மூடியே இருந்தது.

ஆனா ஃபேஷனுக்கு ரொம்ப முன்னாடியே இந்தக் கணக்கைப் போட்டவங்க, ஒரு கால் குட்டையானவங்களும் அவங்களுக்குச் செருப்பு தைச்சவங்களும்தான். நம்ம ஊர்ல இதுக்குப் பெரிய காரணம் போலியோ. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் ஷூவுக்குள்ள ஒளிக்கலாம். அதுக்கு மேலன்னா அடிப்பாகத்துல வெளியே தெரியுற மாதிரிதான் ஒட்டணும். பலருக்குக் கணுக்காலைத் தாங்க காலிப்பரும் சேரும். ஒரு பக்கம் அழகு, இன்னொரு பக்கம் இடுப்பு சாயாம நடக்கணும்ங்கிற தேவை. வேலை ஒண்ணு, தேவை வேற.

இந்தியாவில் இயற்கை வகை போலியோ வைரஸால வந்த கடைசி பாதிப்பு 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத பகுதின்னு சான்றிதழ் வந்தது. அதுக்கு முன்னாடி பாதிக்கப்பட்டவங்க இன்னும் நம்ம கூட நடந்துக்கிட்டுதான் இருக்காங்க.

கவனிக்க வேண்டிய ஒண்ணு இங்க உண்டு. நம்ம வீட்டுலயும் கோயில்லயும் ஷூ வாசலோட நின்னுடும். உயரம் வேணும்னு ஆசைப்பட்டவருக்கு அங்க போறது வெறும் ஒரு அங்குலம். கால் குட்டையானவருக்கோ இடுப்பு மறுபடியும் சாயும், சமையலறையிலும் பூஜை அறையிலும் அந்த வலியோடதான் நிக்கணும். வீட்டுக்குள்ள போட தனியா உயர்த்தின செருப்பு ஒரு ஜோடி வேணும்னு கேட்கிறவங்களை ஆடம்பரம்னு சொல்லாதீங்க. சிகிச்சை வாசப்படியில நிக்கக் கூடாது, அவ்வளவுதான்.